ஸ்பீகல் குரோவ் கப்பலுக்கு முதல்முறை இறங்குபவர்களுக்கு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் தெற்கே முடியும் இடத்தில் தீவுகள் கோத்தாற்போல வரிசையாகப் போகின்றன. அவற்றில் முதல் பெரிய தீவு கீ லார்கோ. அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிக் கடலடியில் நிற்கிறது ஸ்பீகல் குரோவ். நீளம் 155 மீட்டர். முதுகில் காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாவைக் கற்றுக்கொண்ட எவருக்கும் ஒருநாள் இதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை வரும். வரட்டும். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கப்பலை ஒரே டைவில் பார்த்து முடிக்க முடியாது. கீழே உங்களுக்குக் கிடைப்பது கால் மணி நேரம், கொஞ்சம் கூடினால் இருபது நிமிடம். அதற்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடிப் பார்க்க நினைப்பவர்கள்தான் மூச்சு வாங்கி, காற்றைத் தீர்த்து, மேலே ஏறவேண்டிய கயிற்றைத் தவறவிடுகிறார்கள். கப்பலின் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பார்த்துவிட்டு வருவது என்று முடிவுசெய்தால் பாதி வேலை முடிந்தது. மீதியைக் கீழே சொல்கிறேன்.

கப்பல் எப்படி அங்கே போனது?

இது 1956இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த தரையிறக்கக் கப்பல். சிறு படகுகளை வயிற்றுக்குள் சுமந்து போகும். கரைக்குப் பக்கத்தில் வந்ததும் பின்புறக் கதவைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டுப் படகுகளை மிதக்கவைத்து வெளியே அனுப்பும். 1989இல் ஓய்வு கொடுத்தார்கள். அதன்பின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் நதியில் மற்றப் பழைய கப்பல்களோடு பல வருடம் சும்மா கிடந்தது. கீ லார்கோக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கி, எண்ணெயையும் நச்சுப் பொருள்களையும் நீக்கி, செயற்கைப் பவளத்திட்டாக மூழ்கடிக்க ஏற்பாடு செய்தார்கள். டைவர்கள் கூட்டமாகப் போய் மிதிக்கும் இயற்கைத் திட்டுகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்பது ஒரு நோக்கம். ஊருக்குச் சுற்றுலா வருமானம் வரும் என்பது இன்னொன்று. இரும்புக் கப்பல் மீன்களைப் பெருக்குகிறதா, பக்கத்தில் இருந்த மீன்களை ஒரே இடத்தில் கூட்டுகிறதா என்று விஞ்ஞானிகள் இன்னமும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். எதுவானாலும் பார்க்கப் போகிறவருக்கு மீன் இருக்கிறது.

2002 மே 17 அன்று, குறித்த நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பே கப்பல் தானாக மூழ்கத் தொடங்கிவிட்டது. அதுவும் தலைகீழாகப் புரண்டு, முன்முனை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. ஜூன் மாதம் மீட்புக் குழு வந்து அதைப் பக்கவாட்டில் புரட்டி முழுதாக மூழ்கடித்தது. அப்படியே மூன்று வருடம் ஒருக்களித்துக் கிடந்தது. 2005 ஜூலையில் டென்னிஸ் புயல் தூரத்தில்தான் கடந்து போனது. அது கிளப்பிய கடல் இந்தப் பிரம்மாண்டத்தைத் தூக்கி நிமிர்த்தி வைத்துவிட்டது. முதலில் எப்படி நிற்கவேண்டும் என்று திட்டமிட்டார்களோ அப்படி! 2005க்கு முன் வந்த படங்களைப் பார்த்துக் குழம்பாமல் இருக்கத்தான் இந்தக் கதை. பழைய வரைபடங்களில் சுவர் என்று காட்டியிருப்பது இப்போது தரை.

ஆழத்தைப் பொறுத்தவரை, கப்பலின் மிக உயரமான பகுதி சுமார் 18 மீட்டரில் தொடங்கும். மேல்தளம் 25 மீட்டரைத் தாண்டி இருக்கும். மணல் ஏறக்குறைய 40 மீட்டரில். இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

எந்த அட்டை வேண்டும்?

பயிற்சியை முடித்ததற்கு அத்தாட்சியாகத் தரும் அட்டையைத்தான் சொல்கிறேன். ஸ்கூபாவின் முதல் பயிற்சி ஓப்பன் வாட்டர். அது உங்களை 18 மீட்டர் வரை அனுமதிக்கும், அதாவது கப்பலின் உச்சியைத் தொடும் ஆழம் மட்டும். அடுத்த படி அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர், 30 மீட்டர் வரை. ஸ்பீகல் குரோவுக்கு அட்வான்ஸ்டு அட்டையையே கேட்பார்கள். சில நிறுவனங்கள் சமீபத்தில் ஆழமாக இறங்கிய பதிவு இருக்கிறதா என்று, டைவ்களைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தையும் பார்க்கும், இல்லாவிட்டால் கூடவே வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளச் சொல்லும். இதைக் கெடுபிடி என்று நினைக்கவேண்டாம். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இந்தப் பயணத்தில் நீங்கள் செய்யும் செலவுகளிலேயே உருப்படியானது.

பயிற்சியைக் கீ லார்கோவில்தான் எடுக்கவேண்டும் என்றில்லை. புதுச்சேரியிலோ அந்தமானிலோ இலங்கையிலோ எடுத்த அட்டையும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி அமைப்பு கொடுத்ததாக இருந்தால், அங்கே செல்லும். ஆரம்பத்திலேயே மருத்துவக் கேள்விப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை எதுவானாலும் மறைக்காமல் எழுதி, மருத்துவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்கவேண்டும்.

அட்டை கையில் வந்ததும் நேரே ஸ்பீகல் குரோவுக்கு ஓடாதீர்கள். கீ லார்கோவிலேயே பென்வுட் என்ற இன்னொரு மூழ்கிய கப்பல் இருக்கிறது. 1942 ஏப்ரலில், ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்குப் பயந்து விளக்கை அணைத்து ஓட்டிய இரவில் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 7 முதல் 14 மீட்டருக்குள் கிடக்கிறது. உடைந்து சிதறியிருக்கும், ஆனால் மீன் ஏராளம். இரும்பைத் தொடாமல் அதன்மேல் மிதந்து போவது, கூடவே இறங்கும் கூட்டாளியைக் கண்பார்வையில் வைத்திருப்பது, டேங்கில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் அளவிமானியைப் பார்த்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பது எல்லாவற்றையும் அங்கே பழகலாம். அங்கே தடுமாறினால் மேலே வர அரை நிமிடம். ஸ்பீகல் குரோவில் அந்தச் சலுகை கிடையாது.

எப்போது போவது, என்ன எடுத்துப்போவது?

கோடையில் தண்ணீர் 29 டிகிரி வரை போகும், குளிர்காலத்தில் 23க்கு இறங்கும். முன்னதற்கு 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைவ் உடை போதும். பின்னதற்கு 5 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், ஆழத்தில் உடை நசுங்கிச் சூட்டைக் குறைத்துவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காற்றடித்தால் படகே கிளம்பாது. ஆகவே ஒரே ஒரு நாளை நம்பிப் போகாமல், மூன்று நாள் தங்குவதாக வைத்து முதல் நாளிலேயே கப்பலுக்குப் பதிவு செய்யுங்கள். தள்ளிப்போனால் அடுத்த நாள் இருக்கும்.

கடலின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருந்தும் படகோட்டி 'இன்று வேண்டாம்' என்று சொல்லலாம். ஃபுளோரிடாக் கரையை ஒட்டி ஓடும் வளைகுடா நீரோட்டம் சில நாள் கப்பலின் மேலேயே வந்துவிடும். அப்போது மொலாஸஸ் திட்டு மாதிரி ஆழமில்லாத இடத்துக்கு அழைத்துப்போவார்கள். வாதாடாதீர்கள்.

கருவிகளில் பெரும்பாலானவை வாடகைக்குக் கிடைக்கும். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கொன்று கட்டாயம் வேண்டும். கூட்டாளியின் கம்ப்யூட்டர் உங்கள் உடம்புக்குக் கணக்குப் போடாது. ஊதினால் ஆளுயரத்துக்கு நிற்கும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாய், அதற்கு நூல்சுருள், விசில், ஒரு டார்ச், ஒரு சிறு வெட்டுக் கருவி இவையும் உடலோடு இருக்கட்டும். வெட்டுக் கருவி சண்டைக்கு அல்ல. கப்பலில் தூண்டில் நூல்கள் சிக்கிக் கிடக்கும், நைலான் நூல் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. கைக்கு மெல்லிய கையுறை நல்லது, கயிற்றில் ஒட்டிய சிப்பிகள் தோலைக் கிழிக்கும்.

காற்றுக் கணக்கு

எல்லாவற்றையும் வேகமாகப் படித்தாலும் இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். வழக்கமாகத் தரும் அலுமினிய டேங்க் சுமார் 11 லிட்டர் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2200 லிட்டர் காற்று. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். 27 மீட்டரில் அழுத்தம் 3.7 மடங்கு. அதே மூச்சுக்கு அங்கே நிமிடத்துக்கு 74 லிட்டர் போகும். புதியவர்கள் படபடப்பில் 25 லிட்டர் இழுப்பது சகஜம், அவர்களுக்கு 92 லிட்டர். பதினைந்து நிமிடத்தில் ஏறக்குறைய 1390 லிட்டர், அதாவது 126 பார் காலி. நீரோட்டத்தை எதிர்த்து உதைத்தால் இதுவும் போதாது.

அமெரிக்காவில் அளவிமானி பார் காட்டாது, பிஎஸ்ஐ காட்டும். 3000 பிஎஸ்ஐ என்பது நம் 200 பார் பக்கம். இந்தக் கப்பலுக்கு நான் எல்லாருக்கும் சொல்லும் கணக்கு இது: 1500 காட்டும்போது நீங்கள் எங்கே இருந்தாலும் கயிற்றை நோக்கித் திரும்புங்கள். 1000 காட்டும்போது கயிற்றில் ஏறத் தொடங்கியிருக்கவேண்டும். 500 மிச்சத்துடன் படகில் இருக்கவேண்டும். 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே' என்ற எண்ணம் வரும்போது 1500 ஏற்கெனவே தாண்டியிருக்கும், கவனித்துப் பாருங்கள்.

காற்றுக்கு அடுத்தது நேரம். ஆழத்தில் நைட்ரஜன் உடம்பில் கரைந்து ஏறுகிறது. ஒரு எல்லையைத் தாண்டினால் நேரே மேலே வர முடியாது, வழியில் நின்று நின்று வரவேண்டும். பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி சாதாரணக் காற்றில் 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம். 30 மீட்டரில் வெறும் 20 நிமிடம். இந்த 20 நிமிடம் நீங்கள் இறங்கத் தொடங்கும் கணத்திலிருந்தே ஓடுகிறது. இங்கேதான் நைட்ராக்ஸ் உதவுகிறது. ஆக்சிஜன் 32 சதவீதம் கலந்த காற்றில் நைட்ரஜன் குறைவு என்பதால் 27 மீட்டர் ஆழம் உடம்புக்கு 22 மீட்டர் போலக் கணக்காகும், அட்டவணையில் 37 நிமிடம் வருகிறது. கீழே போகும் காற்றின் அளவு அதே என்பதால் டேங்க் நீண்டுவிடாது. ஆனால் நேர எல்லை நெருக்காது. நைட்ராக்ஸுக்குத் தனிப் பயிற்சி உண்டு, ஒரு நாளில் முடியும், இந்தக் கப்பலுக்கு வருமுன் அதை எடுத்துவிடச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: 32 சதவீத நைட்ராக்ஸுடன் 33 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, ஆக்சிஜன் அழுத்தம் கூடினால் வலிப்பு வரும். அதனால் மணலைத் தொட்டுவிட்டு வரும் ஆசையை அன்றே விட்டுவிடுங்கள்.

30 மீட்டர் பக்கம் நைட்ரஜன் போதையும் ஏறும். சிலருக்கு லேசான சந்தோஷம், சிலருக்குக் காரணமில்லாத பயம். அளவிமானியைப் பார்த்த பின்னும் எண் மனதில் நிற்கவில்லை என்றால் அதுதான் அறிகுறி. சில மீட்டர் மேலே வந்தால் தெளிந்துவிடும்.

அன்றைக்கு

முந்தைய இரவு மது வேண்டாம். படகில் குமட்டல் வருபவர் என்றால் மாத்திரையைப் படகு அசையும் வரை காத்திராமல் முன்கூட்டியே போடுங்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. படகு கால்வாய் வழியாக மெதுவாக வெளியேறி, திறந்த கடலில் வேகமெடுக்கும். இடத்தை அடைந்ததும் கப்பலோடு சங்கிலியில் பிணைத்த மிதவைகளில் ஒன்றில் படகைக் கட்டுவார்கள். எந்த மிதவை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது முன்புறக் கிரேனுக்கா, பின்புறத் தளத்துக்கா என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் பார்க்கும் துண்டு எது என்பது தீர்மானமாகும். படகுக்காரர் விளக்கும் நேரம் கேமராவைச் சரிபார்க்கும் நேரம் அல்ல.

படகின் பின்புறத்திலிருந்து முன்புறம் வரைக்கும், அங்கிருந்து மிதவைக்கும் தண்ணீரில் ஒரு கயிறு ஓடும். குதித்ததும் முதல் வேலை அதைப் பிடிப்பது. நீந்த வேண்டாம், கயிற்றைப் பற்றிக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டே முன்னால் போங்கள். மிதவையை அடைந்ததும் கூட்டாளியைப் பாருங்கள், மூச்சு சீராகும் வரை நில்லுங்கள். இங்கேயே மூச்சிரைத்தால் இறங்காமல் திரும்பிவிடலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அப்புறம் கயிற்றைப் பிடித்தே இறக்கம். ஒவ்வொரு மீட்டருக்கும் காதைச் சரிசெய்யுங்கள், வலி வந்தபின் அல்ல, வருமுன். காது அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். பத்து மீட்டர் தாண்டியதும் கீழே நீலம் கொஞ்சம் கருத்துத் திரளும். பிறகு அது கோடுகளாகும், கிரேனாகும். முதல்முறை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பிடிக்காதீர்கள், ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது.

தளத்துக்கு வந்ததும் உடனே கிளம்பாமல் திரும்பிக் கயிறு கட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். என்ன வடிவ இரும்பு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மனதில் பதியுங்கள். நல்ல தெளிவுள்ள நாளில் எல்லாக் கயிறும் ஒன்றுபோலவே தெரியும், மற்றப் படகுகளின் கயிறுகள் உட்பட. நீரோட்டம் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் முதலில் போங்கள். திரும்பும்போது அது உங்களைக் கயிற்றிடம் கொண்டுவந்துவிடும். தளத்தின் விளிம்புச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கினால் நீரோட்டம் சட்டென்று அடங்குவதையும் உணர்வீர்கள். அந்த நிழலிலேயே நகருங்கள்.

எதைப் பார்ப்பது? மிதவை முன்பகுதியில் இருந்தால் கிரேன்களும் கட்டளை அறை இருக்கும் மேல்கட்டும் போதும். கிரேனின் தூண்களில் பவளமும் கடற்பஞ்சும் மூடி, இரும்பு எது என்று தெரியாது. டார்ச்சை அடித்தால் சாம்பலாக இருந்தது சிவப்பும் ஆரஞ்சுமாக மாறும், ஆழத்தில் தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுகிறது. பின்பகுதியில் கட்டினால் படகுகள் மிதந்து வெளியேறிய அந்தப் பெரிய திறந்த கிணற்றை மேலிருந்து பார்க்கலாம். என்னைக் கேட்டால் கிரேன்தான். ஆழம் குறைவு, நேரம் கூடுதல்.

கயிற்றின் அருகே அசையாமல் மிதக்கும் பெரிய சீலா மீன்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பளபளக்கும் நகை மட்டும் போடாதீர்கள். கோலியாத் கலவா என்ற மீன் 300 கிலோவுக்கு மேலும் வளரும். நிழலான மூலையில் நின்று, நெருங்கினால் 'தொம்' என்று ஒரு சத்தம் போடும். விலகு என்று அர்த்தம், விலகிவிடுங்கள். ஓட்டைகளுக்குள் சிங்கமீனும் இருக்கும். நம் இந்தியப் பெருங்கடல் பக்கத்து மீன்தான், அட்லாண்டிக்கில் வந்து குடியேறி அங்கத்துச் சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. முதுகு முள்ளில் விஷம். குத்திவிட்டால் தாங்கும் அளவு சூடான நீரில் அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகவேண்டும். எதையும் பிடிக்காமல் மிதந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

உள்ளே போகலாமா?

வேண்டாம். கதவுகளை நீக்கி, சுவர்களில் பெரிய ஓட்டைகளை வெட்டித்தான் மூழ்கடித்தார்கள். அதனாலேயே எல்லா வாசலும் 'வா' என்று கூப்பிடுகிறது. உள்ளே ஒரு தரையில் ஸ்னூபி படம் இருக்கிறது, அதைப் புகைப்படம் எடுப்பது பலருக்கு ஒரு மோகம். 2007 மார்ச்சில் நியூஜெர்சியிலிருந்து வந்த நால்வர் உள்ளே இறங்கினார்கள். அனுபவமுள்ளவர்கள்தான். மூவர் உயிரோடு திரும்பவில்லை. உள்ளே தரையெல்லாம் மென்சேறு, ஒரு உதை தப்பாக விழுந்தால் சில நொடியில் கைக்கு முன்னால் கை தெரியாது. மேலே போனால் கூரை. உள்ளே போவதற்கு வழிநூல், கூடுதல் காற்று, அதற்கென்றே தனிப் பயிற்சி எல்லாம் வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்ப்பது வரை உங்களுக்கு உரிமை.

மேலே வருதல்

கட்டைவிரலை உயர்த்தினால் தண்ணீருக்குள் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். யார் காட்டினாலும் கேள்வி கேட்காமல் கிளம்பவேண்டும். கயிற்றைப் பிடித்து நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாத வேகத்தில் ஏறுங்கள். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும். அங்கே ஒரே கயிற்றில் பத்துப் பேர் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருப்பார்கள், கொஞ்சம் மேலும் கீழுமாக இடம் பிடியுங்கள்.

உங்கள் கயிறு கிடைக்கவில்லையா? தேடிக் காற்றைத் தீர்க்காதீர்கள். கப்பலில் கட்டிய வேறு மிதவைக் கயிறு கண்ணில் பட்டால் அதிலேயே ஏறுங்கள். அதுவும் இல்லையென்றால் ஆரஞ்சுக் குழாயை ஊதி மேலே அனுப்பி, அதன் நூலில் ஏறி, மேற்பரப்பில் படகு வரும்வரை மிதந்துகொண்டே காத்திருங்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தவேண்டாம். படகில் இருப்பவர்கள் குழாயைப் பார்த்துவிடுவார்கள். அதைக் கரைக்கு அருகே ஒருமுறையாவது ஊதிப் பழகியிருந்தால் இந்த நேரத்தில் கை நடுங்காது.

படகில் ஏறியதும் தண்ணீர் நிறையக் குடியுங்கள். மூட்டில் வலி, தோலில் அரிப்பு, மரத்துப்போதல், தாங்காத சோர்வு எது வந்தாலும் அது உடம்பில் ஏறிய நைட்ரஜனின் வேலையாக இருக்கலாம், 'களைப்பாக இருக்கும்' என்று மூடி வைக்காமல் உடனே படகுக்காரரிடம் சொல்லுங்கள். ஆக்சிஜன் படகிலேயே இருக்கும். டைவர்களுக்கான டான் அமைப்பின் காப்பீட்டைக் கிளம்புமுன் எடுத்துவைப்பது நல்லது, அழுத்த அறைச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் ஆகும் செலவைச் சாதாரணப் பயணக் காப்பீடு ஏற்குமா என்று சொல்ல முடியாது. இரண்டாவது டைவ் பெரும்பாலும் பக்கத்துத் திட்டில், பத்து மீட்டருக்குள் இருக்கும். அதை விடாதீர்கள்.

இரண்டு டைவ் முடித்தபின் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. மியாமி ஒன்றரை மணி நேரத் தூரத்தில்தான் என்று அன்றிரவு விமானத்துக்குப் பதிவு செய்துவிடாதீர்கள். அந்த நாளைக் காரில் தெற்கே கீ வெஸ்ட் வரை போகக் கழிக்கலாம், ஏழு மைல் பாலமும் வழியில் வரும். கீ வெஸ்டுக்கு வெளியே 2009இல் மூழ்கடித்த வேண்டன்பர்க் என்ற கப்பலும் இருக்கிறது, இதைவிடச் சற்று நீளம். அதற்கும் இதே கணக்குதான், மணல் மட்டும் இன்னும் சில மீட்டர் கீழே.